எந்த மென்பொருள் என்று கேட்டாயே

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலியோடு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்ப் பட்டைத்தலை வாத்துகளைப் பார்த்துவிட்டு வந்த கதையை, நீ எழுதுவதற்கு முன்பே உன் வீட்டம்மா தொலைபேசியில் சொல்லிப் புலம்பிவிட்டார். இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குச் சென்னைக்கு மாற்றல் கிடைத்திருக்கிறது. வாடகையைக் கேட்டுவிட்டு மயிலாடுதுறையே மேல் என்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நாற்பதாயிரம் பறவைப் படங்கள், மூன்று ஹார்ட் டிஸ்க், எது எதில் என்று தெரியவில்லை. இவற்றை அடுக்கித் தேடி எடுக்க எந்த மென்பொருளை வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். வேகம், விலை, அழகு எல்லாம் பிறகு. நாளைக்கு அந்த மென்பொருளை விட்டு வெளியேறினால், நீ உட்கார்ந்து எழுதிய பெயர்களும் குறிப்புகளும் படத்தோடு வருமா? நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

படங்களை அடுக்கி வைக்க உதவிய பிகாசா மென்பொருளை 2016-இல் கூகுள் நிறுத்திவிட்டது. அதே வேலைக்கான ஆப்பிளின் அபர்ச்சர் 2005-இல் வந்தது. 2015-இல் விற்பனை நின்றது. 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக் இயங்குதளம் முதல் அது ஓடுவதே இல்லை. படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அடுக்கி வைத்த உழைப்புக்குத்தான் ஆபத்து. பிகாசாவில் ஜேபெக் படத்தின் கீழே எழுதிய வரி அந்தக் கோப்புக்குள்ளேயே பதிந்ததால் இன்றும் படிக்க முடிகிறது. ஆல்பங்களாகப் பிரித்தது மென்பொருளோடு நின்றுபோனது.

இதற்குப் பொதுவான முறை ஒன்று இருக்கிறது. படத்தைப் பற்றிய குறிப்புகளை எழுதி வைக்க அடோபி 2001-இல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி, 2012-இல் ஐஎஸ்ஓ என்ற உலகத் தரமாகவும் ஆனது. குறிச்சொல், தலைப்பு, நட்சத்திர மதிப்பு எல்லாவற்றையும் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடலாம். கேமரா பதிந்தபடியே இருக்கும் ரா கோப்பு என்றால் அதைத் தொடாமல், பக்கத்தில் ஒரு சிறு எக்ஸ்எம்பி கோப்பாக வைக்கலாம். எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யுனிகோடு என்பதால் 'கூழைக்கடா' என்று தமிழிலேயே எழுதலாம்.

உனக்கு நான் சொல்வது டிஜிகாம். இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதன்முறை திறக்கும்போதே, குறிப்புகளைக் கோப்புக்குள் எழுதலாமா என்று கேட்கும். ஆம் என்று சொல். ஒன்றுபோல் இருக்கும் படங்களைத் தேடிக் காட்டும் வசதியும் உண்டு. ஒரே கொக்கை அடுத்தடுத்து முப்பது தடவை கிளிக் செய்கிற உனக்கு அது கட்டாயம் தேவை. கொஞ்சம் முரட்டுத் தோற்றம்தான், பொத்தான்கள் அதிகம், ஒரு வாரத்தில் பழகிவிடும். பட விவரங்களைச் சேர்த்து வைக்கும் அதன் தரவுத்தளத்தை மட்டும் கணினியின் சொந்த டிஸ்கிலேயே வை. நெட்வொர்க் டிஸ்கில் வைக்காதே.

படத்தைத் திருத்துவதும் முக்கியம் என்றால் அடோபியின் லைட்ரூம் கிளாசிக் அருமையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குறிப்புகளை அது கேட்டலாக் என்ற தன் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளும். எக்ஸ்எம்பியில் தானாக எழுதும் அமைப்பை நீதான் இயக்க வேண்டும். கூகுள் போட்டோஸ் தேடுவதில் கில்லாடி. ஆனால் 2021 ஜூனிலிருந்து புதிதாக ஏற்றும் எல்லாமே 15 ஜிபி இலவச இடத்தின் கணக்கில் சேர்கிறது. மொத்தமாகத் திரும்ப இறக்கினால், அங்கே எழுதிய விவரங்கள் ஜேசன் என்ற தனித்தனி எழுத்துக் கோப்புகளாக வரும். அவற்றைப் படங்களோடு சேர்ப்பது உன் பாடு.

என் பேச்சை நம்பி இறங்க வேண்டாம். பத்துப் படங்களை நகலெடு, பெயர் போடு, நட்சத்திரம் கொடு. பிறகு அவற்றை வேறொரு கணினிக்கு மாற்றி வேறு மென்பொருளில் திற. பெயர்கள் தெரிந்தால் சரி. இல்லையென்றால் அமைப்பை மாற்று, அல்லது மென்பொருளையே மாற்று.

கோப்புறையைப் பறவை வாரியாகப் பிரிக்காதே. ஒரே படத்தில் பூநாரையும் உள்ளானும் நின்றால் எங்கே வைப்பாய்? கோப்புறை வருடம், மாதம் வாரியாக இருக்கட்டும். பறவையும் இடமும் குறிச்சொல்லில் இருக்கட்டும்: பறவை, அதன்கீழ் நாரை, அதன்கீழ் மஞ்சள் மூக்கு நாரை என்று கிளை பிரித்துக்கொள். இதையே சங்குவளை நாரை என்றும் எழுதுகிறார்கள். உனக்குப் பிடித்த ஒரு பெயரை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே போடு. அறிவியல் பெயரையும் கூடவே சேர்த்துவிட்டால் எவரும் தேடி எடுக்கலாம். நாற்பதாயிரத்துக்கும் பெயர் போடக் கிளம்பிவிடாதே. முதலில் குப்பையை அழி, நல்லவற்றுக்கு மட்டும் பெயர் போடு.

இத்தனைக்கும் முன்னால் இன்னொரு டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் நகலெடுத்து உன் மகன் வீட்டில் கொடுத்து வை. மூன்று டிஸ்கும் ஒரே மேசை இழுப்பறையில் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறாய், படித்ததிலிருந்து எனக்குத்தான் படபடப்பு.

பழைய கோப்புறைகளின் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன என்றாயே, அவை யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவையாக இருக்கும். மாற்றிவிடலாம். அந்தப் பெயர்களை அப்படியே ஒரு கோப்பில் ஒட்டி எனக்கு அனுப்பு, எந்த எழுத்துரு என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ஒன்றின் பெயரையும் மாற்றாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்