அம்மா வேஷம்தான் வந்திருக்கிறது என்றாய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் ஒன்று சொல்ல வந்து வேறொன்று சொல்லிவிடுகிறேன், நீயும் "சரிப்பா, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடையைச் சாத்திவிட்டு கட்டிங் டேபிளிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தம்பி நாளைக்கு போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவான். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ அழுதது எனக்கும் கேட்டது. 34 வயதில் ஒரு வளர்ந்த பையனுக்கு அம்மாவாக நடிக்கக் கூப்பிட்டார்கள், இனி வாழ்நாள் முழுக்க அம்மாதான், அத்தைதான், வேலைக்காரிதான் என்றாய். உன் அம்மா போனை வாங்கி "அப்ப ஊருக்கு வந்துரு" என்று சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அவள் ஆறு வருஷமாக அதையேதான் சொல்கிறாள். எனக்கு அப்போது ஒருவர் ஞாபகம் வந்தார், பேர் மட்டும் வாயில் வரவில்லை. மறுநாள் ஒரு காலருக்குக் கேன்வாஸ் வெட்டிக்கொண்டிருக்கும்போது வந்துவிட்டது. ஏ.கே. ஹங்கல், இந்திப் படங்களில் கிழவர் வேஷமாகவே கட்டின நடிகர்.

நான் பம்பாய்க்கு வந்தது 1979. வயது 18, இந்தி ஒரு வார்த்தை தெரியாது, தாராவியில் மாமா கடையில் காஜா எடுக்கும் வேலை. 'ஷோலே' வந்து நாலு வருஷம் ஆகியும் மினர்வா தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது, மொத்தம் ஐந்து வருஷம் ஓடியது அங்கே. கூட வேலை பார்த்த பையன்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். அமிதாப், தர்மேந்திரா, கப்பர் சிங் எல்லாம் சரி. ஊருக்குள் குதிரை ஒரு பையனின் பிணத்தைச் சுமந்து வரும் இடம் இருக்கிறதே, அங்கே கூட்டம் மொத்தமும் வாயடைத்து நிற்கும், கண் தெரியாத கிழவர் ஒருவர், அவர்தான் ஹங்கல், தடியை ஊன்றி வந்து ஏன் இவ்வளவு அமைதி என்று கேட்பார். "இத்னா சன்னாட்டா க்யோன் ஹை பாய்." எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் புரிந்துவிட்டது. விசிலடித்துக்கொண்டிருந்த தியேட்டரே அந்த இடத்தில் அடங்கிப்போனது. அவர் தடவித் தடவிப் பார்ப்பார், அந்தக் கை, நாம் துணியின் நேரும் குறுக்கும் விரலால் பார்ப்போமே, அதே மாதிரி இருக்கும். அது யார் பிள்ளை என்று கைக்கு முதலில் தெரியும், முகத்துக்கு அப்புறம்தான் தெரியும்.

அதற்கடுத்து அவர் பேசுவதை, ஒரு அப்பனுக்கு எது பெரிய பாரம் என்பதை, நான் இங்கே எழுத மாட்டேன். உனக்குத் தெரியும். நீ பிறந்த பிறகு அந்தப் படம் டிவியில் வரும்போதெல்லாம் அந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விடுவேன், பீடி குடிக்கப் போகிறேன் என்று உன் அம்மா நினைத்துக்கொள்வாள்.

அவரும் தையல்காரர் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. சும்மா பொழுதுபோக்குக்குத் தைத்தவர் இல்லை, அதுதான் பிழைப்பு. சியால்கோட்டில் பிறந்த காஷ்மீர பண்டிதர் வீட்டுப் பிள்ளை, வளர்ந்தது பெஷாவர், அப்புறம் குடும்பம் கராச்சிக்கு வந்தது. சுதந்திரப் போராட்டம், தொழிற்சங்கம், கம்யூனிஸ்ட் கட்சி என்று அலைந்து கராச்சியில் ஜெயிலிலும் இருந்திருக்கிறார். பிரிவினைக்குப் பிறகு 1949இல் பம்பாய் வந்து இறங்கியபோது சட்டைப்பையில் 20 ரூபாய். கத்திரிதான் சோறு போட்டது. சாயங்காலமானால் நாடகம். இப்டாவில், நடிகர் பால்ராஜ் சாஹ்னி, கவிஞர் கைஃபி ஆஸ்மி எல்லாரும் இருந்த அந்த மக்கள் நாடக மன்றத்தில், பதினைந்து வருஷத்துக்கு மேல் மேடை. அதில் சம்பாதிக்க என்ன இருந்திருக்கப்போகிறது, நீயே சொல், உனக்குத் தெரியாததா.

முதல் படம் 1966இல், 'தீஸ்ரி கசம்'. அப்போது அவருக்கு வயது ஐம்பதை ஒட்டி. ராஜ் கபூருக்கு அண்ணன் வேஷம். அதாவது பாப்பா, அவர் சினிமாவுக்குள் நுழைந்ததே கிழவனாகத்தான். இளைஞனாக நடித்து, அப்புறம் மார்க்கெட் போய், மனசில்லாமல் அப்பா வேஷத்துக்கு இறங்கின கதையே அவருக்குக் கிடையாது. இருநூறு படத்துக்கு மேல் அப்பா, மாமா, ஸ்கூல் வாத்தியார், இமாம் என்றே போனது. 'குட்டி'யில் ஜெயா பாதுரிக்கு அப்பா, 'அபிமான்' படத்திலும் அவருக்கு அப்பா. 'நமக் ஹராம்' பார், அதில் மில் தொழிலாளர் தலைவர், நடிக்கிற மாதிரியே இருக்காது, ஜெயில் வரைக்கும் போய்வந்த ஆள், அந்த வசனத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நல்ல கிழவர் என்றே எல்லாரும் முத்திரை குத்தி வைத்திருந்தபோது 1982இல் 'ஷௌகீன்' வந்தது. அசோக் குமாரும் உத்பல் தத்தும் இவரும் மூன்று சபலக் கிழவர்களாகக் கோவாவுக்குக் கிளம்புவார்கள். நானும் உன் சித்தப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இதையெல்லாம் சொல்லி உன்னைத் தேற்றுகிறேன் என்று நினைக்காதே. ஐம்பதில் ஆரம்பித்தும் ஜெயிக்கலாம் என்று யூடியூபில் பேசுகிறார்களே, அது இல்லை நான் சொல்வது. அவர் வாழ்க்கையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, நீ அதையும் பார்க்க வேண்டும்.

1993 உனக்கு ஞாபகம் இருக்காது, இரண்டு வயது. ஜனவரியில் கலவரம் நடந்தபோது மெஷின் மேல் சாக்கைப் போட்டு மூடி, விளக்கை அணைத்து, உன் வாயில் சர்க்கரை வைத்து அழாமல் பார்த்துக்கொண்டோம். அந்த வருஷம்தான் ஹங்கல் தன் பூர்வீக ஊரைப் பார்க்க பாகிஸ்தான் விசாவுக்கு விண்ணப்பித்தார், பம்பாயில் இருந்த பாகிஸ்தான் துணைத் தூதரகத்திலிருந்து பாகிஸ்தான் நாள் விழாவுக்கு அழைப்பு வந்தது, போனார். அவ்வளவுதான். சிவசேனா எதிர்த்தது, அவரைப் புறக்கணிக்கச் சொன்னார்கள், இரண்டு வருஷம் போல வேலையே இல்லை. இந்த நாட்டுச் சுதந்திரத்துக்காகப் போராடின மனுஷனுக்கு! எங்கள் கடையில் அன்றைக்கு யாரும் இதைச் சத்தமாகப் பேசவில்லை, நானும்தான் பேசவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

அப்புறம் திரும்பி வந்தார். 'லகான்' படத்துக்காகக் கட்ச் போன இடத்தில் குளியலறையில் விழுந்து முதுகில் அடிபட்டும் வந்து நடித்துக் கொடுத்தார். 2006இல் பத்ம பூஷண் கொடுத்தார்கள். 2011இல் பேப்பரில் என்ன வந்தது தெரியுமா, மருந்துச் செலவுக்குப் பணமில்லாமல் கஷ்டப்படுகிறார் என்று. பார்த்துக்கொள்ள ஒரே மகன், அவரே எழுபதைத் தாண்டியவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அப்புறம் சினிமாக்காரர்கள் சிலர் உதவினார்கள். இருநூறு படம் பாப்பா. சின்ன வேஷத்துக்குச் சின்னக் கூலி, அதைச் சேர்த்து வைக்கிற புத்தியும் அந்தக் காலத்துக் கட்சிக்காரர்களுக்குக் கிடையாது. 2012இல் சக்கர நாற்காலியில் வந்து ஒரு டிவி தொடரில் தலைகாட்டினார். அதே ஆகஸ்டில் மறுபடியும் குளியலறையில் விழுந்து தொடை எலும்பு முறிந்து, 26ஆம் தேதி போய்விட்டார்.

ஆகவே முதல் விஷயம், உன் மெடிக்கல் இன்சூரன்ஸ் மார்ச்சோடு முடிந்துவிட்டது, நீ புதுப்பிக்கவில்லை. மறைக்காதே, ஏஜென்ட் எனக்குத்தான் போன் பண்ணினார். இந்த வாரம் கட்டு. பணம் இல்லையென்றால் சொல், தீபாவளித் துணி வரத் தொடங்கிவிட்டது, நான் கட்டுகிறேன். அந்த வீட்டு பாத்ரூமில் ரப்பர் மேட் போடு, சிரிக்காதே.

இரண்டாவது, அந்த அம்மா வேஷத்தை ஒத்துக்கொள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப்போவதில்லை, உன் தொழில். ஒத்துக்கொண்டால் ஒன்று. நேற்று நீ அனுப்பிய போட்டோவில் கம்பெனிக்காரர்கள் கொடுத்த ஜாக்கெட்டைப் பார்த்தேன். நரைமுடி விக் வைத்திருக்கிறார்கள், ஜாக்கெட் மட்டும் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்குத் தைத்தது. ஐம்பது வயதுக்காரி அவ்வளவு பிடித்துப் போட மாட்டாள். தோள் இறங்கியிருக்கும், கையைத் தூக்கிக் கொடியில் துணி போட வேண்டும், அதனால் ஆர்ம்ஹோலில் அரை இஞ்ச் கூட விடச் சொல்வாள், கழுத்தை ஏற்றச் சொல்வாள், கொக்கியை முன்பக்கம் வைக்கச் சொல்வாள், ஏனென்றால் பின்னால் போட்டுவிட வீட்டில் ஆள் இருக்காது. நாற்பத்தைந்து வருஷமாக இந்த அம்மாக்களுக்குத்தான் தைக்கிறேன். அந்த ஜாக்கெட்டைப் போட்டு நீ கையைத் தூக்கியதுமே தெரிந்துவிடும், இது பொய் என்று.

நான் தைத்து அனுப்புகிறேன், காட்டன், சாயம் கொஞ்சம் வெளுத்த மாதிரி. உன் பழைய அளவு 2019இல் எடுத்தது, அது இப்போது செல்லாது. அளவு ஜாக்கெட் ஒன்று நாளைக்கே கூரியரில் போடு. வெள்ளிக்குள் வந்தால் திங்கட்கிழமை அனுப்பிவிடுவேன்.

அப்பா