சி.இ.ஏ.: ஒற்றை எண்ணை நம்பாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் ‘கேன்சர் டெஸ்ட்’ என்ற பெயரில் சி.இ.ஏ. (கார்சினோ எம்ப்ரியானிக் ஆன்டிஜன்) என்ற புரதத்தின் ரத்த அளவையும் சேர்த்துவிடுகிறார்கள். 2 என்று வந்தால் குடலில் புற்றுநோய் இல்லை என்று நிம்மதியடைகிறார்கள். 6 என்று வந்தால் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். இரண்டுக்கும் அந்த எண் மட்டும் போதாது.

1965-இல் கனடாவின் மான்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் கண்டறிந்த புரதம் இது. பெருங்குடல், மலக்குடல் கட்டிகள் பலவும் இதைச் சுரக்கும். ஆனால் தொடக்கநிலைக் கட்டி ரத்தத்தில் அளவை உயர்த்தாமலே இருப்பதுதான் அதிகம். சிகரெட், பீடி பிடிப்பவர்களுக்கோ புற்று இல்லாமலே மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் வரை இருக்கும். இந்தப் புரதத்தை ரத்தத்திலிருந்து அகற்றுவது கல்லீரல் என்பதால், அது பழுதானாலும் அளவு ஏறும். புதிதாக நோயைத் தேட மலத்தில் மறைந்த ரத்தத்தைப் பார்க்கும் பரிசோதனையும், குடலுக்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியுமே சரி.

நோய் உறுதியானவர்களுக்குத்தான் சி.இ.ஏ. உண்மையில் உதவுகிறது. அறுவை சிகிச்சைக்கு முன்பே ஒருமுறை எடுத்துவிட வேண்டும். பலருக்கு இது விட்டுப்போகிறது, பிறகு ஒப்பிட எதுவும் இருப்பதில்லை. கட்டியை எடுத்த மறுநாளே பார்ப்பதில் பயனில்லை. ரத்தத்தில் மிஞ்சியது வடிய நாளாகும். 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும். அதன்பிறகும் இறங்காவிட்டால் எங்கோ மிச்சம் இருக்கிறதா என்று தேடுவார்கள். பின்னர் 2 ஆண்டுகள் வரை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, 5 ஆண்டு முடியும்வரை 6 மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம்.

1.8, 2.0, 3.1, 4.4 என்று வரிசையாக ஏறினால், நான்குமே ‘நார்மல்’ என்று அச்சாகியிருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் அந்த நான்கும் ஒரே லேப்பில் எடுத்தவையாக இருக்க வேண்டும். இந்தப் புரதத்தைப் பிடித்து அளக்கப் பயன்படும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கம்பெனிக்குக் கம்பெனி வேறு என்பதால், ஒரே ரத்தம் ஓரிடத்தில் 4, இன்னோரிடத்தில் 6 காட்டக்கூடும். லேப்பை மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஒருமுறை இரண்டிலும் எடுத்துவிடுங்கள்.

ஏறியிருந்தால் முதலில் சில வாரத்தில் மறுபடி எடுத்து உறுதி செய்யவேண்டும், அப்புறம் சி.டி. ஸ்கேன். எண்ணை மட்டும் வைத்து கீமோ தொடங்குவதில்லை. ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து கொடுக்கும் கீமோவின் முதல் சில வாரங்களில் தற்காலிகமாக ஏறுவதும் உண்டு. மருந்து வேலை செய்யவில்லை என்று அதை வைத்து முடிவுகட்டிவிடக் கூடாது. ஏறவில்லை என்பதற்காக ஸ்கேனைத் தவிர்ப்பதும் ஆபத்து. 5-ஐ எல்லையாக வைத்தால் நோய் திரும்பிய பத்துப் பேரில் சுமார் ஏழு பேரைத்தான் இது காட்டிக்கொடுக்கும்.

முடி உதிராமலிருக்கச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையையும் சொல்ல வேண்டும். 5, 10 மில்லிகிராம் மாத்திரைகள் கடையில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. பயோட்டினையே பயன்படுத்தி அளக்கும் சில இயந்திரங்களில் இது சி.இ.ஏ.யைக் குறைத்துக் காட்டிவிடும், ஏறுவது தெரியாமல் போகும். ரத்தம் கொடுக்கும்முன் லேப்பில் சொல்லிவிடுங்கள். ஓரிரு நாள் நிறுத்தச் சொல்வார்கள். வெறும் வயிறு தேவையில்லை.

லேப் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்தக் கம்பெனி இயந்திரம், எந்த முறை என்பதை ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். முறையை மாற்றினால், மாற்றிய தேதியையும் போடுங்கள்.

மருத்துவ உயிர்வேதியியலாளர்கள் இருவர்,
மதுரை