என் இடத்தில் நின்ற ராத்தாவுக்கு

புடைவைக் கடையில் நிற்பவர்களுக்குத் தெரியும், தீபாவளிக்கு முதல் நாள் வேலையிலிருந்து தப்புவது தனிக் கலை. ஒருவருக்கு வயிற்றோட்டம். இன்னொருவரின் அம்மம்மா இரண்டாவது முறையாகக் காலமாகிவிட்டார். இலங்கையின் 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம் என்கிறது. அன்று மணிக்கூட்டைப் பார்க்க யாருக்கு நேரம்? அவர்களைக் குறைகூற எனக்கு வாயில்லை. நானும் மூன்று பொய்கள் யோசித்து வைத்திருந்தேன்.

ஆனால் விடியும்போது மகனுக்கு உண்மையாகவே நெருப்பாய்க் காய்ச்சல். மாரி தொடங்கிய நாட்கள், டெங்கோ என்று பயம். முதலாளி தொலைபேசியில் சிரித்தார். மகனை அம்மாவிடம் விட்டுவிட்டு ஆரையம்பதியில் பஸ் ஏறி, கல்லடிப் பாலம் தாண்டும்வரை அழுதேன்.

ராத்தா, என் முஸ்லிம் அக்காவே, உங்களுக்கு அன்று முறையாகக் கிடைத்த லீவு. சம்பளம் வாங்கத்தான் காத்தான்குடியிலிருந்து வந்திருந்தீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள், கையிலிருந்த சேலையை வாங்கி மடித்தீர்கள். “பிள்ளையைப் போய்ப் பார். நான் நிற்கிறேன்” என்றீர்கள். அவ்வளவுதான். இரவு கடை பூட்டும்வரை நின்றீர்களாம்.

டெங்கு இல்லை. மகன் மறுநாள் மத்தாப்புக் கேட்டு அடம்பிடித்தான்.

பெயர் போட்டால் அடுத்த வருடம் எல்லோரும் உங்களையே பிடிப்பார்கள் என்றீர்கள்; போடவில்லை. நன்றி ராத்தா. நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் உங்கள் இடத்தில் நான் நிற்பேன். என் அம்மம்மாவும் அன்று உயிரோடுதான் இருப்பார்.