ஊசி மீனாட்சி கையிலேயே இருக்கட்டும்

பாளையங்கோட்டை,
ஞாயிறு மாலை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பாதிக்கு மேல் உன் வீட்டம்மா மீனாட்சி தங்கச்சியின் சுகர் அட்டவணைதான். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, 200-ஐத் தாண்டியதற்கெல்லாம் சிவப்பு மையில் அடிக்கோடு. பேங்க்கில் லெட்ஜர் எழுதிய கை சும்மா இருக்குமா? என் வீட்டுக்காரி செல்வி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணன் மதினிக்கு ரேங்க் கார்டு போடுறாங்களோ?" என்றாள். சிரித்துவிட்டோம். ஆனாலும் அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றி உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

"இன்சுலின் ஊசிக்கு வந்துவிட்டால் கடைசிக் கட்டம் என்கிறார்களே" என்று கேட்டிருக்கிறாய். செல்விக்கு ஊசி என்றதும் எங்கள் தெருவிலும் இதையேதான் சொன்னார்கள். யாரோ ஒரு அத்தைக்கு இன்சுலின் போட ஆரம்பித்த மறுவருஷமே கிட்னி போய்விட்டதாம். அந்த அத்தை ஊசிக்குப் பயந்து வருஷக்கணக்கில் சுகரை 300-இல் வைத்துக்கொண்டு திரிந்ததை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். கெடுத்தது சர்க்கரை, பழி ஊசிக்கு. விஷயம் இவ்வளவுதான்: டைப் 2 என்கிற இந்த வகைச் சர்க்கரையில் கணையம் வருஷத்துக்கு வருஷம் சோர்ந்துகொண்டே போகும். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகள் கணையத்தைப் பிழிந்து இன்சுலின் எடுப்பவை. பிழிவதற்கு ஒன்றும் மிஞ்சாதபோது வெளியிலிருந்து கொடுத்துத்தானே ஆக வேண்டும்? தங்கச்சி ஒழுங்காக நடக்கவில்லை, இனிப்பைத் தொட்டாள் என்பதற்காக வந்த தண்டனை இல்லை இது. முதலில் இதை அவளிடம் நீ வாய்விட்டுச் சொல்.

10 யூனிட்டில் ஆரம்பித்து இப்போது 16 ஆக்கிவிட்டார்கள், நோய் முற்றுகிறதோ என்று பயந்திருக்கிறாய். இரவு போடும் கிளார்ஜின் இன்சுலினை அப்படித்தான் கொடுப்பார்கள். குறைவாக ஆரம்பித்து, காலை வெறும் வயிற்று அளவைப் பார்த்துப் பார்த்து, இரண்டு இரண்டு யூனிட்டாக ஏற்றுவார்கள். சரியான இடம் வந்ததும் நின்றுவிடும். அந்தக் கணக்கை டாக்டர் போடட்டும், நீ போடாதே.

சரி, உன் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. தினமும் நீதான் ஊசி போடுகிறாய், அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். பாசம்தான், புரிகிறது. ஆனால் வேண்டாம். நீ ஒரு நாள் ஊருக்குப் போனால் அவள் என்ன செய்வாள்? அதை விடு, அவள் உடம்பில் நடக்கிற காரியம் அவள் பார்க்காமலே நடப்பது நன்றாகவா இருக்கிறது?

செல்விக்கு 30/70 கலவை இன்சுலின் (வேகமாக வேலை செய்வது 30 பங்கு, நிதானமாக வேலை செய்வது 70 பங்கு), குப்பியும் சிரிஞ்சும். முதல் நாள் குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டினாள் (குலுக்கக் கூடாது), மருந்தை இழுத்தாள், காற்றுக் குமிழை நகத்தால் தட்டி வெளியே தள்ளினாள். அதுவரைக்கும் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி கவனம். அப்புறம் ஊசியை வயிற்றுக்குப் பக்கத்தில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் தினத்தந்தியை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் இருந்தேன். கடைசியில் "முருகா" என்று கண்ணை மூடிக் குத்திவிட்டு, "ஏறிட்டா?" என்று என்னைக் கேட்டாள். குத்தியதே அவளுக்குத் தெரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் என் பங்கு அந்த எதிர் நாற்காலிதான். அவளுக்குக் காய்ச்சல், கை நடுங்குகிறது என்றால் மட்டும் நான் போடுவேன். போடத் தெரிந்து வைத்திருப்பது அவசியம், தினமும் போடுவது அவசியமில்லை.

உங்களுடையது பேனா, இன்னும் சுலபம். புது ஊசியை மாட்டி, முதலில் 2 யூனிட் வைத்து மேல்நோக்கி அழுத்தினால் நுனியில் ஒரு சொட்டு வர வேண்டும். வந்த பிறகுதான் அவளுடைய அளவு. நேராகக் குத்தி, முழுக்க அழுத்தி, பத்து எண்ணிவிட்டு எடுக்கச் சொல். உன் கணக்குப் புத்திக்கு ஒன்று சொல்கிறேன்: பேனாவில் 300 யூனிட். 16-உம் அந்த 2-உம் சேர்த்தால் 16 நாளுக்கு வரும். பழைய 10 யூனிட் கணக்கில் 300-ஐ 10-ஆல் வகுத்து, ஒரு மாசம் வரும் என்று நினைத்துவிட்டு, அவசரமாக மருந்துக்கடைக்கு ஓடாதே.

இடத்தை மாற்றி மாற்றிக் குத்த வேண்டும். புடவை கட்டுகிறவர்களுக்கு இடது இடுப்புப் பக்கம் எட்டுவது சுலபம், கை தானாக அங்கேயே போகும். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் கொழுப்புக் கட்டி விழும், வலிக்காது என்பதால் அவர்களும் அதிலேயே குத்துவார்கள், மருந்து ஒழுங்காக ஏறாது. தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒரு வாரம் வலது, ஒரு வாரம் இடது, நடுவில் தொடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். எப்போதாவது பேனா உடைந்து அவசரத்துக்குக் குப்பி வாங்கினால் சிரிஞ்சைப் பார்த்து வாங்கு. நம் ஊர்க் குப்பிகளில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி போட்டது 100-க்கு உள்ளது. மாற்றி எடுத்தால் 10 என்று நினைத்துப் போடுவது 4 ஆகும், அல்லது 25 ஆகும். 25 ஆனால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

அந்த சுகர் இறங்குகிற விஷயத்தில்தான் உன் வேலை உண்மையில் இருக்கிறது. போன ஐப்பசியில் தென்காசியில் ஒரு வரவேற்பு. செல்வி மணமகள் அறையில் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பஸ் நிறைய வந்து இறங்க, பந்தி தள்ளிப் போனது. ஏசி மண்டபத்தில் அவள் மேலுதட்டில் வேர்வை. கார் சாவியை நான் எங்கே வைத்தேன் என்று திடீரென்று சண்டை. காரே எடுத்து வரவில்லை, பஸ்ஸில் வந்தோம்! காரணமில்லாத கோபம் வந்தால் நான் சட்டைப்பையைத் தொட்டுவிடுவேன். குளுக்கோஸ் பொடி மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் "என்ன அப்படிப் பாக்குறீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டாள். பிறகு சமையற்கட்டிலிருந்து இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் விசேஷ வீட்டில் இலையில் சாப்பாடு விழுவது உறுதியான பிறகுதான் ஊசி, டாக்டரே சொல்லிவிட்டார்.

70-க்குக் கீழே போனால் சர்க்கரைத் தண்ணீர், 15 நிமிஷம் பொறுத்து மறுபடி பார்ப்பது. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதே, 108-ஐக் கூப்பிடு. கிளார்ஜின் இரவு ஊசி என்பதால், தூக்கத்தில் உளறினாலோ தலையணை நனைகிற மாதிரி வேர்த்தாலோ எழுப்பிச் சுகர் பார். வெள்ளிக்கிழமை விரதத்தையும் டாக்டரிடம் சொல்லச் சொல். சாமி கோபித்துக்கொள்ளாது, மாமியார் விஷயம் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இருப்பு பேனாக்களை ஃப்ரிட்ஜுக்குள் வை, ஃப்ரீசர் பக்கம் போகவே கூடாது. உறைந்தது உருகினாலும் உதவாது. ஓடுகிற பேனா வெளியே இருக்கலாம், நாலு வாரத்துக்கு மேல் வேண்டாம். செல்வியின் அம்மா கிராமத்தில் ஃப்ரிட்ஜ் இல்லாமல் டப்பாவில் போட்டு மண்பானைக்குள்தான் வைத்திருந்தார்கள். பழைய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடு, குப்பை அள்ளுகிறவர்கள் கையில் குத்திவிடப் போகிறது.

இனி அந்தச் சிவப்புக் கோடு. வீட்டிலேயே ஆடிட்டர் இருந்தால் கணக்கை மறைக்கத்தான் தோன்றும். 240 என்று வந்ததும் உன் முகத்தைத்தான் அவள் முதலில் பார்ப்பாள். அங்கே ஒரு சுளிப்பு தெரிந்தால் அடுத்த முறை 240-ஐ 170 என்று சொல்வாள், அதை நம்பி டாக்டர் மருந்தை முடிவு செய்வார். அட்டவணையை அவளே எழுதட்டும், நீலப் பேனாவில். விருந்தாளிகள் முன்னால் "அவளுக்கு வைக்காதீங்க, சுகர்" என்று சொல்வதையும் விட்டுவிடு. போன தடவை நீங்கள் வந்திருந்தபோது நீ அப்படிச் சொன்னதும் அவள் தட்டை நகர்த்தி வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. அவளுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது?

இங்கே மழை பரவாயில்லை, ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. எனக்கு முழங்கால் வலி, வேறொன்றும் இல்லை. சின்னவன் பெங்களூரிலேயே வீடு பார்க்கிறான். தை மாதம் நம் ஹாஸ்டல் ராமையா பேத்திக்குக் காதுகுத்து, உனக்கும் பத்திரிகை வரும். தங்கச்சியோடு வந்து நாலு நாள் தங்கு. பேனாவைப் பெட்டியில் போடாமல் அவள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். செல்வி புதன்கிழமை மதினிக்குப் போன் பண்ணுவாள், நீ போனைப் பிடுங்கிப் பேசாதே. எந்த வண்டி என்று மட்டும் முன்னதாக எழுது, ஸ்டேஷனுக்கு ஆட்டோவோடு வந்துவிடுகிறேன்.

உன்,
முருகேசன்