இன்டர்வியூவுக்கு வரும் தோழிக்கு

குன்னூர்,
ஞாயிறு இரவு

பிரியமுள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஊட்டி ஆஸ்பத்திரியில் கேஷுவல்டி, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவு, நர்ஸ் வேலைக்கு உன்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். "அந்தக் கூடலூர்ப் பொண்ணா? தவளையை அறுக்கச் சொன்னதுக்கே மயங்கி விழுந்தாளே!" என்றாள். ப்ளஸ் டூ கதையை இன்னும் விடவில்லை. அவளுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, பச்சைத் தேயிலை விலையும் அப்படியே. மற்றபடி எல்லாரும் சௌக்கியம்.

"அனுபவமே இல்லாதவளிடம் என்னடி கேட்பார்கள்?" என்று எழுதியிருக்கிறாய். ரத்த ஓட்டம் சரிந்துபோகும் ஷாக் என்றால் என்ன, எத்தனை வகை என்று நோட்டு நோட்டாக உருப்போடுகிறாயாம். அதை மூடி வை. நீ புதுசு என்பது ஃபைலைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். டாக்டர் வந்து சேர்வதற்குள் உன் கை முதலில் எங்கே போகும், எப்போது "சார், உடனே வாங்க" என்று கூப்பிடுவாய், இதைத்தான் துருவுவார்கள்.

எங்களுக்கு வந்த கேஸ் ஒன்று சொல்கிறேன். குளிர்காலத்தில் சமவெளியிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. காட்டேஜில் கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்து, கரி அடுப்பை மூட்டிவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். காலையில் எல்லாருக்கும் தலைவலி, வாந்தி. "நேத்து ஓட்டல் சாப்பாடு சேரல சிஸ்டர்" என்கிறார் டிரைவர். பாட்டி அரை மயக்கத்தில் இருக்கிறார். விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் 98 சதவீதம் என்கிறது! அந்த நம்பரை நம்பி ஆக்ஸிஜனைத் தள்ளிப்போட்டால் தொலைந்தோம். ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்திருப்பது ஆக்ஸிஜனா, கரி அடுப்பிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவா என்று அந்தக் கருவிக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஒரே அறையில் படுத்தவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி என்றால், "ராத்திரி உள்ளே என்ன எரிச்சீங்க?" என்று கேட்டுவிடு. நான்-ரீப்ரீதர் மாஸ்க் (விட்ட மூச்சைத் திரும்ப இழுக்க விடாத மாஸ்க்), நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்ஸிஜன், கையோடு டாக்டருக்குக் குரல். சாதாரணக் காற்றில் ரத்தத்தில் அந்த வாயு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரம். ஊட்டிக்காரர்கள் இதைக் கேட்காவிட்டால்தான் எனக்கு ஆச்சரியம்.

அட்ரினலின் ஊசி பற்றிய கேள்வியும் வரும். தோட்டத்தில் தேனீ கொட்டி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி வரும் பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். இதயம் நின்றுபோனவருக்கும் அதே மருந்துதான், ஆனால் 1 மில்லிகிராம், ஐ.வி.யில், அதாவது நேராக ரத்தக் குழாயில், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. எந்த வழியில் என்பதை விட்டுவிட்டு டோஸை மட்டும் சொன்னால் டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார். வாயால் சொன்ன ஆர்டரைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துவிட்டுத்தான் போடுவேன் என்றும் சேர்த்துச் சொல்.

ஜீப் கவிழ்ந்து மூன்று பேர் ஒன்றாக வந்தால் யாரை முதலில் பார்ப்பாய் என்பார்கள். "ஐயோ அம்மா" என்று கத்துகிறவனுக்கு மூச்சு ஓடுகிறது. மூலையில் சத்தமில்லாமல் சாய்ந்து கிடப்பவனிடம் போ. யாருக்கு எவ்வளவு அவசரம் என்று பிரிக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் எல்லாம் அதற்குப் பிறகு தானாக வரும். பயிற்சிப் பொம்மையைக் கொடுத்து, இதயம் நின்றவருக்குச் செய்வதுபோல் நெஞ்சை அழுத்தச் சொன்னால் வெட்கப்படாதே, முட்டி போட்டு அழுத்து. 30 அழுத்தலுக்கு 2 முறை மூச்சு ஊதல், வேகம் நிமிடத்துக்கு 100லிருந்து 120 அழுத்தல்.

ஏன் எமர்ஜென்சி என்றால் "சேவை மனப்பான்மை" என்று ஆரம்பிக்காதே, காலையிலிருந்து அதையே கேட்டு அவர்களுக்குக் காது புளித்திருக்கும். பயிற்சியில் இருந்தபோது பாம்பு கடித்த பையனின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, உறைகிறதா என்று பார்க்க 20 நிமிடம் அசைக்காமல் வைத்துக் காத்திருந்ததை எனக்கு எழுதினாயே, அதைச் சொல். தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லிவிட்டு, யாரைக் கேட்பாய் என்றும் சொல். நைட் டியூட்டி, ஹாஸ்டல், சம்பளம் எல்லாம் எச்.ஆர். பேசுவார், அது பெரிய விஷயமில்லை. நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் மட்டும் ஒரிஜினலாகவே இருக்கட்டும்.

காலையில் கிளம்பிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. வழியில் நடுவட்டம் பக்கம் ஒரு மரம் விழுந்தாலும் பஸ் நின்றுவிடும். முந்தின நாளே இங்கே வந்துவிடு, ராத்திரி நான் கேள்வி கேட்கிறேன், நீ பதில் சொல். வரும்போது உங்கள் தோட்டத்து மிளகு கால் கிலோ எடுத்து வா, அம்மா இரண்டு தடவை ஞாபகப்படுத்திவிட்டாள்.

உன்,
குன்னூர்க்காரி