தண்டவாளக் கரையில் எழும் நகரம்

ரொறன்ரோ

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? குளிசையை இடையில் நிறுத்திவிடாதீர்கள்.

தம்பி யாழ்ப்பாணத்தில் நம் கோண்டாவில் காணியில் வீடு கட்டப்போவதாகவும், தண்டவாளப் பக்க வேலியை ஒட்டியே அத்திவாரம் போட நினைப்பதாகவும் தொலைபேசியில் சொன்னீர்கள். கேட்டதிலிருந்து மனம் ஒருநிலையில் இல்லை. எனக்கும் இப்போது தண்டவாளக் கரையில்தான் வேலை. இங்கே கண்டதை எழுதுகிறேன். அவனுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இந்த நகரத்தின் நடுவில் இருக்கிறது யூனியன் ரயில் நிலையம். 1927இல் திறந்தது. அதற்கும் ஏரிக்கும் இடைப்பட்ட நிலமெல்லாம் ஒருகாலத்தில் சரக்கு ரயில்கள் நிற்கும் இடமாக இருந்ததாம். சரக்கு வேலைகள் புறநகருக்குப் போனதும் நிலம் வெறுமையானது. 1976இல் திறந்த சி.என். கோபுரம், 553 மீற்றர் உயரம், அந்த நிலத்தில்தான் நிற்கிறது. கட்டியது கனேடிய தேசிய ரயில் நிறுவனம். அதன் காலடியில் 32 எஞ்சின்கள் நிறுத்தும் வட்டக் கொட்டகையையும், எஞ்சினைத் திருப்பும் மேடையையும் இடிக்காமல் காத்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

மற்ற நிலமெல்லாம் தொடர்மாடிகள். நிலையத்துக்குப் பக்கத்தில் தண்டவாளத்தின் இரு கரையிலும் 49 மாடி, 50 மாடி என இரண்டு அலுவலகக் கோபுரங்கள். இரண்டையும் இணைக்க ரயில் பாதைக்கு மேலாக ஒரு ஏக்கர் பூங்காவைத் திட்டமிட்டார்கள். எங்கள் கட்டடம் அங்கிருந்து மேற்கே. எனக்குக் கம்பி கட்டும் வேலை. ஒரு தளத்துக்கு ஏறக்குறைய ஒரு வாரம். கொங்கிறீற் இறுகியதும் அதைத் தாங்கிநின்ற தட்டுப்பலகையைத் துண்டு துண்டாகக் கழற்றுவதில்லை. கால்களோடு மேசை போலவே வெளியே இழுத்து, பாரந்தூக்கியால் அடுத்த தளத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். குளிர்காலத்திலும் வேலை நிற்காது. தார்ப்பாய் மூடி, உள்ளே சூட்டுக்காற்று ஊதி, கொங்கிறீற்றை உறையாமல் காப்பாற்றுவோம்.

ஆனால் மேலே எழும் மாடிகளைவிட, கீழே தண்டவாளப் பக்கம் கட்டிய சுவர்தான் என் மனதில் நிற்கிறது. இரண்டரை அடித் தடிப்பு. இரண்டு வரிசைக் கம்பி, கை நுழையக் கஷ்டப்படும் நெருக்கம். கையுறையைக் கழற்றித்தான் சில முடிச்சுகளைப் போட்டேன். தடம்புரண்டு ஒரு ரயில் வந்து மோதினாலும் வீடுகளுக்குள் நுழையக்கூடாது என்பதற்கான சுவர் அது. பிரதான பாதைக்கு அருகில் குடியிருப்பு என்றால் 30 மீற்றர் தள்ளி, இடையில் மண் அணையும் எழுப்பவேண்டும் என்பது இந்நாட்டு வழிகாட்டி. நகருக்குள் அவ்வளவு இடம் கிடைக்காது. அதனால் இந்தச் சுவர். 2013இல் கியூபெக் மாகாணத்தில் லாக்-மெகாந்திக் என்ற சிற்றூரின் நடுவே எண்ணெய் ரயில் தடம்புரண்டு எரிந்ததில் 47 பேர் இறந்தார்கள். வேலைத்தளத்தில் மூத்தவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

எல்லாமே சரியாக நடக்கிறது என்றும் எழுதமாட்டேன். இங்கே தண்டவாளத்துக்கு மேல் 21 ஏக்கரில் ஒரு பெரும் பூங்கா அமைக்க மாநகராட்சி 2016இல் திட்டம் அறிவித்தது. அந்த ஆகாய வெளியில் கட்டும் உரிமை தனியாரிடம் இருந்தது. 2021இல் தீர்ப்பாயம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்க்க, அந்தத் திட்டம் போயிற்று. இவ்வளவு ஆயிரம் பேரை மாடிமாடியாக அடுக்கிவிட்டு, பிள்ளைகள் ஓடியாட நிலம் விடாதது பெரிய அநியாயம். ஞாயிறுகளில் நம் பிள்ளைகளைத் தண்டவாளத்தைக் கடக்கும் மஞ்சள் நடைபாலத்துக்குக் கூட்டிப்போகிறேன். பச்சையும் வெள்ளையுமான இரண்டடுக்கு ரயில்கள் கீழே போகும்போது சின்னவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளை எண்ணுவான்.

இனித் தம்பியின் விஷயம். 1990இல் யாழ்தேவி ரயிலின் ஓட்டம் நின்றபோது அவன் கைக்குழந்தை. திரும்பவும் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்தது 2014 ஒக்டோபரில். காங்கேசன்துறைக்கு அடுத்த ஜனவரியில். அதுவரை தண்டவாளக் கரை அவனுக்கு நடைபாதை, விளையாட்டுத் திடல். அந்தப் பழக்கத்தில்தான் வேலியோரம் கட்டத் துணிகிறான். ரயில் ஓடும் பாதை எப்படி இருக்கும் என்று உங்களைவிட யார் அவனுக்குச் சொல்லமுடியும்?

புகையிரத ஒதுக்குக் காணியின் எல்லைக்கல்லை நீங்களே கூட நின்று காட்டுங்கள். அங்கிருந்து எவ்வளவு பின்னுக்குப் போகலாமோ அவ்வளவு போகட்டும். முன்முற்றம் சிறுத்தாலும் பரவாயில்லை. படுக்கையறைகள் றோட்டுப் பக்கம் இருக்கட்டும். குசினி, குளியலறை, மாடிப்படி எல்லாம் தண்டவாளப் பக்கம் வரட்டும். இங்கேயும் அப்படித்தான் வரைகிறார்கள், சத்தமும் அதிர்வும் குறையும். பின்பக்கம் வாசலே வேண்டாம். குழந்தைகள் உள்ள வீடு, மதில் உயரமாக இருக்கவேண்டும்.

அத்திவாரம் வெட்டுவதற்கு முன் வரைபடத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் பொறியியலாளர் ஒருவரிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன். மதிலுக்கு ஆகும் செலவை நான் அனுப்புகிறேன். அதை அவனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் அன்பு மகன்