ஓகீஃபுக்கு, ஸ்டான்லியைப் பற்றி

அன்புள்ள ஓகீஃப்,

நீங்கள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

1950 ஜனவரி 17 அன்று பாஸ்டனில், பணத்தைப் பாதுகாத்துக் கொண்டுசெல்லும் பிரிங்க்ஸ் நிறுவனத்தின் கட்டடத்துக்குள் நீங்களும் கூட்டாளிகளும் முகமூடியோடு நுழைந்து, ரொக்கமாக மட்டும் 12 லட்சம் டாலருக்கு மேல் அள்ளினீர்கள். எனக்கு அதைவிட, அதற்கு முந்தைய இரவுகள்தான் மனதில் நிற்கின்றன. கதவுகளின் பூட்டு சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு சிலர் சாவி செய்ய ஓடுவார்கள். மற்றவர்கள் அந்த இருட்டுக் கட்டடத்துக்குள்ளேயே காவல் இருப்பார்கள். போனவர்கள் திரும்பி வருவார்கள் என்ற நம்பிக்கையைத் தவிர அவர்களுக்கு வேறு துணை இல்லை. திருடர்கள்தான். ஆனால் அந்த நம்பிக்கை பொய்யில்லை.

ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், வழக்கே காலாவதி. அதற்குள் அதே வருடம் ஜூனில் பென்சில்வேனியாவில் வேறொரு திருட்டில் நீங்களும், பிரிங்க்ஸிலும் உங்களோடு இருந்த ஸ்டான்லி குஷியோராவும் மாட்டினீர்கள். உங்கள் பங்கு கூட்டாளி ஒருவரிடம் இருந்தது. கேட்டபோது கூட்டாளிகள் கையை விரித்தார்கள். நீங்களும் சும்மா இருக்கவில்லை, அவர்களில் ஒருவரைக் கடத்தி வைத்துப் பணம் கேட்டீர்கள். கடைசியில் 1954இல் கூலிக்கொலையாளி ட்ரிகர் பர்க் உங்களைக் கொல்ல இயந்திரத் துப்பாக்கியோடு பாஸ்டனின் டார்செஸ்டர் பகுதிக்கு வந்தான். காயத்தோடு தப்பினீர்கள்.

1956 ஜனவரி 6, கெடு முடிய 11 நாள். சிறையில் எஃப்.பி.ஐ.யிடம் எல்லாவற்றையும் சொன்னீர்கள். அதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அதுதான் உங்களுக்கு மீட்சி என்றுகூட நம்புகிறேன்.

ஸ்டான்லியிடம் வரும்போதுதான் தடுமாறுகிறேன். அவர் உங்கள் பங்கைத் தின்றாரா? ஆள் ஏவினாரா? உங்களோடு பிடிபட்டு, உங்களைவிடப் பெரிய தண்டனை வாங்கி, பிட்ஸ்பர்க் சிறையில் கிடந்தவர். மற்றவர்களோடு அவர் பெயரையும் சொன்னீர்கள். அந்த ஜூலையில், விசாரணை தொடங்கும் முன்பே இறந்துபோனார்.

ஒருவரை மட்டும் விட்டுவிட்டால் வாக்குமூலம் நிற்காது, சரி. தெரிந்தேதான் கேட்கிறேன். வேறு யார் மீதோ இருந்த கோபத்தில் ஒருமுறை நான் உண்மையைப் போட்டு உடைத்தேன். அதில் என் நண்பன் ஒருவனும் சிக்கினான். இன்றுவரை அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் பேச்சை எடுத்ததில்லை.

அன்றைக்கு அந்த அறையில் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தீர்களே, ஸ்டான்லியின் பெயர் எத்தனையாவதாக வந்தது? அதற்கு முன் கொஞ்சமாவது நிறுத்தினீர்களா?